ஆறாவது தோட்டா

அன்றைக்கு மலாக்காவில், கிளேபாங் கடற்கரைக் கடையில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். என் மனைவி. ஆன்ட்டி. எங்கள் மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு சீனக் குடும்பம், கைக்குழந்தையோடு சேர்த்து நான்கு பேர். அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய இரண்டு போலீஸ்காரர்கள். தேங்காய் ஷேக் கலக்கிக்கொண்டிருந்த மலாய்க்காரப் பெண். வேனுக்குள் ஐஸ் பெட்டியில் மூன்று கிலோ கெம்புங் மீன். வேறு யாரும் இல்லை. பிறகு போலீஸ் ஸ்டேஷனில் கேட்டபோதும் இதே கணக்கைத்தான் கொடுத்தேன், மீன் உட்பட. மீனை ஏன் சொல்கிறாய் என்று கேட்டார்கள். சொல்லாமல் விட்டு, அதுவே ஒரு குற்றமாகப் போய்விட்டால்?

ஆன்ட்டி ஷேக்குக்குக் காசு கொடுக்கச் சட்டைப்பையில் கை விட்டுச் சின்னப் பணப்பையை எடுத்தார். அதோடு கூடவே ஏதோ வெளியே வந்து மேசையில் உருண்டது. பித்தளை நிறம். சுண்டுவிரலில் இரண்டு கணு நீளம்.

என் மனைவி குனிந்து பார்த்தாள். "லிப்ஸ்டிக்கா ஆன்ட்டி? நீங்கதான் போடமாட்டீங்களே!"

ஆன்ட்டி அது உருண்டு விழாமல் விரலால் தடுத்தார். "இல்லைப் பிள்ளை. இது ஆறாவது."

என் மனைவிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. மெனு அட்டையை எடுத்து அதன் மேல் கவிழ்த்தேன். அவசரத்தில் ஷேக் கோப்பை சாய்ந்தது. பக்கத்து மேசைப் போலீஸ்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்து, டிஷ்யூ நீட்டினார்.

ஆன்ட்டி யார் என்று சொன்னால்தான் அந்த ஆறாவது என்ன என்பது விளங்கும். பெயர் சொல்ல மாட்டேன். எந்தக் கிளப் என்பதையும் சொல்ல மாட்டேன். யாழ்ப்பாணத்துக் குடும்பம். தாத்தா காலத்திலேயே மலாக்காவுக்கு வந்துவிட்டவர்கள். ஆனாலும் பேச்சில் அந்த ஊர் அப்படியே இருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் மருந்து எண்ணிக் கொடுத்தவர். என் அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. அம்மாவோடு போகும்போது அந்தக் கண்ணாடிக் கவுண்டருக்குப் பின்னால் ஆன்ட்டியைப் பார்த்திருக்கிறேன். தட்டில் மாத்திரையைக் கொட்டி, ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ணுவார். ஒரு நாள் யாருக்கோ கொடுத்ததில் ஒரு மாத்திரை குறைந்தது. புது டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டிருக்கலாம். செய்யவில்லை. கீழே மண்டியிட்டு, அலமாரிக்கு அடியில் விளக்கு அடித்துத் தேடினார். வரிசையில் நின்றவர்கள் மூன்று மொழியில் திட்டினார்கள். மாத்திரை தராசுக்கு அடியில் கிடைத்தது. அதைக் குப்பையில் போட்டுவிட்டு, புத்தகத்தில் 'கீழே விழுந்தது, 1' என்று எழுதிய பிறகுதான் புதிதாக ஒன்றை எடுத்தார்.

அப்படிப்பட்டவர் ரிட்டயர் ஆனதும் துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்தார் என்று கேட்டபோது நான் நம்பவில்லை.

நான் வேன் ஓட்டுபவன். திங்கள் முதல் சனி வரை செங் வட்டாரத்து ஃபேக்டரி ஆட்களை ஏற்றி இறக்குவேன். ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கும். ஆன்ட்டிக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆனபிறகு கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். "சுட ஒரு கண் காணும் தம்பி. ஓட்டத்தான் ரெண்டு வேணும்" என்றார். அவர் பேச்சில் 'காணும்' என்றால் போதும். அப்படித்தான் ஞாயிறுதோறும் அவரை ரேஞ்சுக்குக் கூட்டிப்போகும் வேலை எனக்கு வந்தது. இரண்டாம் படிவத்தோடு படிப்பை விட்டவன், சட்டம் கிட்டம் தெரியாதவன். துப்பாக்கி இருக்கிற இடத்துக்கு வேனை ஓட்டினாலே என் பேர்மிட்டைப் பிடுங்கிவிடுவார்களோ என்று முதல் மாதம் முழுக்கத் தூங்கவில்லை.

என் பயத்துக்குக் காரணம் உண்டு. நான் பிறந்தது அலோர் காஜா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர், பன்றி சுடும் காவல்காரரிடமிருந்து ஒரே ஒரு தோட்டாவை விளையாட்டாக வாங்கி, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். யாரோ சொல்லிவிட்டார்கள். போலீஸ் வந்தது. துப்பாக்கி இல்லை, வெறும் தோட்டாதான் என்று அவர் மனைவி அழுதார். இந்த நாட்டில் லைசன்ஸ் இல்லாதவன் கையில் வெறும் தோட்டாவும் குற்றம்தான். அவர் ஜெயிலிலிருந்து திரும்பி வருவதற்குள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போயிருந்தார்கள்.

அதனால் நான் ரேஞ்சுக்குள் போகவே மாட்டேன். வேன் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பேன். மற்றவர்கள் சுடும் சத்தம் தகரக் கூரையில் மழை மாதிரி விடாமல் கேட்கும். நடுவில் ஒரு சத்தம் மட்டும் தனியாக வரும். டம். நீண்ட இடைவெளி. டம். அது ஆன்ட்டி. ஐந்தாவது முடிந்ததும் நான் மூச்சு விடுவேன். பிறகு ஐந்து நிமிடம் ஒன்றும் கேட்காது. மறுபடியும் ஐந்து.

ஒரே ஒரு முறை, கழிவறைக்குப் போகிற வழியில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மற்றவர்கள் வைத்திருந்தது எல்லாம் கறுப்பு பிளாஸ்டிக் கைப்பிடி, சதுரமாக, பிரிண்டர் மெஷின் மாதிரி. ஆன்ட்டி கையில் இருந்தது பழைய காலத்து மாதிரியில் செய்த ரிவால்வர். கிளப்புக்குச் சொந்தம். யார் வாங்கிப் போட்டது என்று யாருக்கும் நினைவில்லை. மரக் கைப்பிடி, நீளக் குழல், கனம். பக்கவாட்டில் சின்னக் கதவு ஒன்று திறக்கும். அதன் வழியாகத் தோட்டாவை ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். சுட்டபின் வெற்றுக் கூட்டையும் ஒவ்வொன்றாகக் கம்பியால் குத்தித் தள்ள வேண்டும். ஒவ்வொரு தடவையும் சுடும் முன்பு பின்னால் இருக்கிற சுத்தியலைக் கட்டைவிரலால் இழுக்க வேண்டும். இழுக்கும்போது நான்கு சொடுக்குக் கேட்கும். குறி பார்க்க மேலே ஒரு பள்ளக்கோடு, அவ்வளவுதான்.

பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்தவன் போன் கடை வைத்திருக்கும் ஒரு தமிழ்ப் பையன், முப்பது வயது இருக்கும். "என்ன ஆன்ட்டி, மியூசியத்துலருந்து தூக்கிட்டு வந்தீங்களா?" என்றான்.

"மியூசியத்தில தொட விடமாட்டினம் தம்பி."

"நீங்க ஒண்ணு சுடறதுக்குள்ள நான் பதினஞ்சு சுட்டுருவேன் லா!"

"ஓம். பிறகு என்ன செய்வீர்? வீட்ட போவீர்."

அவன் சிரித்துவிட்டான். பிறகு ஒரு ஞாயிறு, சும்மா பார்க்கிறேன் என்று அந்த ரிவால்வரை வாங்கி ஐந்து சுட்டிருக்கிறான். இன்னும் ஐந்து. இன்னும் ஐந்து. தன் துப்பாக்கி மேசையில் கிடப்பதையே மறந்துவிட்டானாம். எட்டு வெள்ளி கொடுத்து வாங்கிய மீ கோரெங் நூடுல்ஸ் ஆறிப்போயிற்றாம். வெளியே வரும்போது அவன் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டே, "ஒண்ணும் படல ஆன்ட்டி, ஒண்ணுகூட மையத்துல படல" என்று பரிசு விழுந்தவன் மாதிரிச் சொல்லிக்கொண்டு போனதை நானே பார்த்தேன்.

எனக்குத்தான் புரியவில்லை. ஒருநாள் வேனில் கேட்டேன். "ஆன்ட்டி, அது சீக்கிரமும் சுடாது, நேராவும் சுடாது. எதுக்கு அதையே புடிச்சிட்டு இருக்கீங்க?"

ஆன்ட்டி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "முப்பத்திநாலு வருசம் உதவுற சாமானைத்தான் எண்ணிக் குடுத்தனான். இது ஒண்டுக்கும் உதவாது தம்பி. எனக்கு அது காணும்."

சொல்லும்போது அவருடைய கட்டைவிரல் குடைக் கைப்பிடியின் மேல் மெல்லப் பின்னால் போனது. அது அவர் பழக்கம். எதையாவது நினைத்துக்கொண்டிருந்தால் கைப்பையின் வாரிலும், சீட் பெல்ட்டிலும் அந்த விரல் சுத்தியல் இழுக்கும். வாயால் சத்தம் வராது. ஆனால் நான்கு தடவை நின்று நின்று போகும். டிராஃபிக் லைட்டில் பக்கத்துக் கார்க்காரர்கள் பார்க்கிறார்களோ என்று நான் கண்ணாடியை ஏற்றுவேன்.

கிளப் போட்டியில் ஒருமுறை கலந்துகொண்டார். குறித்த நேரத்துக்குள் பதினைந்து சுட வேண்டும். நேரம் முடிந்து விசில் ஊதும்போது ஆன்ட்டி முதல் ஐந்தை முடித்து, மூன்றாவது கூட்டைக் குத்திக்கொண்டிருந்தார். கடைசி இடம். அன்றுதான் அவர் வாய்விட்டுச் சிரித்துக் கேட்டேன். வேன் வரைக்கும் கேட்டது.

இனி ஆறாவது. அந்தப் பழைய மாதிரித் துப்பாக்கியில் சுத்தியல் தோட்டாவின் மேலேயே உட்கார்ந்திருக்குமாம். கை தவறி விழுந்தால் தானாக வெடித்துவிடலாம். அதனால் அந்தக் காலத்தில் சுழலும் உருளையின் ஆறு அறையில் ஐந்தில் மட்டும் தோட்டா போட்டு, சுத்தியலுக்குக் கீழே உள்ள அறையைக் காலியாக விடுவார்கள். இடுப்பில் கட்டிக்கொண்டு குதிரையேறுகிறவனுக்கு அது சரி. ரேஞ்சில் நின்ற இடத்தில் போட்டு நின்ற இடத்தில் சுட்டுத் தீர்ப்பவருக்கு எதற்கு? எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். ஆன்ட்டி ஐந்துதான் போடுவார்.

ஆயுத அறையைப் பார்த்துக்கொண்ட மலாய்ப் பெரியவரை எல்லோரும் பாக்சிக் என்போம்; அவர் அந்த ரிவால்வருக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு துளை போட்ட மரக்கட்டையில் ஆறு தோட்டா வைத்துத்தான் கொடுப்பார். சுட்டு முடித்ததும் அதே கட்டையில் ஆறு வெற்றுக் கூடு திரும்ப வர வேண்டும். பிறகு புத்தகத்தில் கையெழுத்து. ஆன்ட்டியின் கட்டையில் மட்டும் ஐந்து கூடும் ஒரு முழுத் தோட்டாவும் வரும். ஐந்தே வாங்கிக்கொள்ளலாமே என்றால், "கட்டையில ஆறு ஓட்டை இருக்குத்தானே" என்பார். சுடும் நேரத்தில் அந்த ஆறாவது அவர் சட்டைப்பையில் இருக்கும். மேசையில் விட்டால் யாராவது தட்டிவிடுவார்களாம். அவருக்கு இருந்த ஒரே பயம் அதுதான்.

அந்த ஞாயிறு பாக்சிக் லீவு. புதிதாக ஒருவர் இருந்தார். நாலு மணிக்கு வானம் கறுத்து மழை கொட்டியது. வழியில் ஒரு பள்ளம் உண்டு, தண்ணீர் ஏறினால் வேன் நின்றுவிடும். நான் ஹாரன் அடித்தேன். ஒரு தடவை அல்ல, ஏழெட்டுத் தடவை. ஆன்ட்டி ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று மட்டும்தான். புது ஆள் கட்டையைச் சரியாகப் பார்க்காமலே புத்தகத்தில் ஆறு என்று எழுதிக்கொண்டார் என்பது பிறகு தெரிந்தது.

என் மனைவியை வழியில் ஏற்றிக்கொண்டு கோலா சுங்கை பாரு போனோம். மீன் வாங்கினோம். அதற்குள் மழை விட்டது. திரும்பும் வழியில் கிளேபாங்கில் ஷேக் குடிக்க உட்கார்ந்தோம். அப்போதுதான் அது மேசையில் உருண்டது.

போலீஸ்காரர்கள் குடித்து முடித்துப் போகும் வரை நான் மெனு அட்டையின் மேல் முழங்கையை ஊன்றியே உட்கார்ந்திருந்தேன். அவர்கள் போனதும் ஆன்ட்டி அட்டையைத் தூக்கி, தோட்டாவை டிஷ்யூவில் சுற்றினார். கிளப்புக்குப் போன் அடித்தார். யாரும் எடுக்கவில்லை.

"பூட்டியிருப்பினம். நாளைக்குக் காலமை எட்டு மணிக்குத் திறந்த உடனை நானே கொண்டுபோய்க் குடுக்கிறன்."

"ஆன்ட்டி, வேணாம் லா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம், டவுன் போறதுக்குள்ள போலீஸ் ரோட்பிளாக் போட்டிருப்பான். புடிச்சான்னா என் வேனு, என் லைசன்ஸு, எல்லாம் போச்சு. மூணு பேரும் உள்ளதான்."

"கேட்டால் உள்ளதைச் சொல்லுவம்."

"உள்ளதைச் சொன்னவங்க கதையை நான் தோட்டத்துல பாத்திருக்கேன் ஆன்ட்டி. தோ கடல் இருக்கு. ஒரு வீசு வீசுனா முடிஞ்சிச்சு. யாருக்குத் தெரியும்?"

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. மருந்து சீட்டில் எழுத்து விளங்காதபோது பார்க்கிற மாதிரி. "எண்ணித் தந்தது தம்பி. எண்ணித்தான் திருப்பிக் குடுக்கோணும். எனக்குத் தெரியுந்தானே."

பிறகு கை கழுவ எழுந்தார். டிஷ்யூப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "பாத்துக்கொள்ளும்."

நான் பார்த்துக்கொண்டேன். ஒரு நிமிடம் இருக்கும். பிறகு என் கால்கள் நடந்தன. என் மனைவி "ஏங்க, ஏங்க" என்றது பின்னால் கேட்டது. ஈர மணலில் அலை தொடும் இடம் வரை போய், என்னால் முடிந்த மட்டும் தூரமாக வீசினேன். விழுந்த சத்தம்கூட வரவில்லை. திரும்பி வரும்போது நெஞ்சு லேசாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆன்ட்டி வந்து, மேசையைப் பார்த்தார். "எங்கை?"

"விழுந்திருச்சு போல ஆன்ட்டி. காத்துல டிஷ்யூ பறந்திச்சு."

அவர் கைப்பையை நாற்காலியில் வைத்தார். மேசைக்குக் கீழே மண்டியிட்டார். அறுபத்தாறு வயது. மணலை உள்ளங்கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, ஒரு சதுரம் முடித்து அடுத்த சதுரம் என்று தேடினார். சீனக் குடும்பத்துத் தாய், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே, என்ன தொலைந்தது, மோதிரமா என்று கேட்டுத் தானும் குனிந்தாள். நானும் குனிந்து தேடினேன். இல்லாததைத் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றுதான் தெரிந்தது. கால் மணி நேரம். ஆன்ட்டியின் உடை முழங்காலில் நனைந்து கறுத்துவிட்டது.

என் மனைவியால் தாங்க முடியவில்லை. "ஆன்ட்டி, எந்திரிங்க. தேடாதீங்க. இவருதான் கடல்ல வீசிட்டாரு."

ஆன்ட்டி தள்ளிய மணலை உள்ளங்கையால் சமமாக்கினார். பிறகு மேசையைப் பிடித்து எழுந்து, கையில் ஒட்டிய மணலைத் தட்டினார். "வெளிக்கிடுவம். மீன் பழுதாப் போகும்" என்றார்.

வீடு வரைக்கும் ஒரு இடத்திலும் ரோட்பிளாக் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். சீட் பெல்ட்டின் மேல் அவர் கட்டைவிரல் அசையவில்லை.

மறுநாள் அவர் என்னைக் கூப்பிடவில்லை. டாக்ஸியில் கிளப்புக்குப் போயிருக்கிறார். அங்கே புத்தகத்தில் ஆறு என்றுதான் இருந்தது. கணக்குச் சரியாக இருக்கிறது, வீட்டுக்குப் போங்கள் மாக்சிக் என்று, மலாயில் ஆன்ட்டி என்றே அழைத்து, புது ஆள் கெஞ்சியிருக்கிறார். பேசாமல் திரும்பியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். ஆன்ட்டி, வெற்றுக் கூடு போடும் டின்னைக் கொண்டுவரச் சொல்லி எண்ண வைத்தார். ஒன்று குறைந்தது. பிறகு தானே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் ரிப்போர்ட் கொடுத்தார்.

அன்று மத்தியானம் நான் ஃபேக்டரி வாசலில் நின்றபோது போன் வந்தது. "தம்பி, உம்மைக் கூப்பிடுவினம். சட்டைப்பையில மறந்துபோய்க் கொண்டுவந்தனான், கடற்கரையில என்ர கையால துலைச்சுப்போட்டன் எண்டு எழுதிக் குடுத்திருக்கிறன். நீரும் அப்பிடியே சொல்லும்."

"ஆன்ட்டி, வீசினது நான்..."

"எனக்கு எண்ணத் தெரியாமல் போச்சுது எண்டு எழுதினனான்" என்றார். "முதல் தரம்." வைத்துவிட்டார்.

நான் அப்படியே சொன்னேன். ஸ்டேஷனில் எனக்குக் கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல், எல்லோர் பெயரையும், மீனையும் சொல்லி, அந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டேன். அவர் வயதையும், தானாக வந்து சொன்னதையும் பார்த்துப் போலீஸ் எச்சரித்து விட்டுவிட்டது. கிளப் விடவில்லை. உறுப்பினர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. கடைசி வரியில், திரும்பி வராத ஒரு தோட்டாவுக்கான விலையைக் கட்டும்படி எழுதியிருந்தது.

ஆன்ட்டி தன் வீட்டுக் கேட்டுக்கு வெளியே என்னை நிற்க வைத்தே அதைப் படித்துக் காட்டினார். நான் பர்ஸை எடுத்தேன். "நான் கட்டிர்றேன் ஆன்ட்டி. இதாவது செய்யறேன்."

"வேண்டாம். காசு குடுத்தால் வித்தது, வாங்கினது எண்டு முடிஞ்சுபோயிடும். நான் வாங்கேல்லை. அது திருப்பிக் குடுக்கவேண்டிய சாமான்." கடிதத்தை நான்காக மடித்தார். "நீர் சாப்பிட்டுட்டீரோ?"

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இருக்கவில்லை. அடுத்த வருடம் அவர் ஈப்போவில் இருக்கும் தங்கையோடு இருக்கப் போய்விட்டார். இந்த வருடம் அங்கேயே காலமானார். செய்தி கேட்டு இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிறு, நான் கிளப்புக்குப் போனேன். வேனைத் தள்ளி நிறுத்திவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக ஆயுத அறைக் கவுண்டருக்கு முன்னால் போய் நின்றேன். மாக்சிக்கின் பாக்கியைக் கட்ட வந்திருக்கிறேன் என்றேன்.

பாக்சிக்கின் கண் கலங்கியது. புத்தகத்தைத் திறந்து காட்டினார். நான் நீட்டிய ஐந்து வெள்ளித் தாளை மட்டும் விரலால் என் பக்கமே தள்ளிவிட்டார். உறுப்பினர் வந்து கையெழுத்துப் போட்டுத்தான் கட்ட முடியும், வேறு ஆளிடம் வாங்க ரூல் இல்லை என்றார். யாரும் கட்டாததால் ஒவ்வொரு வருடமும் புதுப் புத்தகம் போடும்போது முதல் வரியாக அதை மறுபடி எழுதிக்கொள்கிறார்களாம். இந்த வருடப் புத்தகத்திலும் ஆன்ட்டியின் பெயருக்கு நேரே எழுதியிருக்கிறது: தோட்டா ஒன்று, பாக்கி இரண்டு வெள்ளி எண்பது காசு.